எம்.டி. தொண்ணூறுக்குக் காவல்

வீட்டிலை ஒரு பொருளாவது ஆம்பிளையின்ரை சொல்லுக் கேட்டு நடக்கோணும் எண்டது என்ரை கொள்கை. எங்கடை வீட்டிலை அப்பிடி ஒண்டே ஒண்டுதான் இருந்தது. அதுவும் பதினாலு உதை வாங்கினாப் பிறகுதான் கேக்கும்.

மோட்டச்சைக்கிளைத்தான் சொல்லுறன். எம்.டி. தொண்ணூறு. எண்பத்தாறாம் ஆண்டு, நான் இணுவில் சங்கக் கடையிலை மனேச்சரா இருக்கேக்கை வாங்கினது. அந்த நாளையிலை பரமலிங்கம் எண்டால் எந்தப் பரமலிங்கம் எண்டு கேப்பினம். எம்.டி. தொண்ணூறுப் பரமலிங்கம் எண்டால் சின்னப் பிள்ளையும் வீட்டைக் காட்டும். ரெண்டு வருசத்தாலை குணலட்சுமியைக் கலியாணம் முடிச்சன். அதுக்குப் பிறகு குணலட்சுமியின்ரை மனுசன் எண்டால்தான் ஊருக்குத் தெரியும். அது வேறை கதை.

பெற்றோல் இல்லாத காலம் உங்களிலை எத்தினை பேருக்கு ஞாபகம் இருக்கோ தெரியாது. தடை போட்டுப் பாதையும் பூட்டி, யாழ்ப்பாணத்துக்கு ஒரு துளி பெற்றோல் வராத காலம். சின்ன மருந்துப் போத்தில் ஒண்டிலை கொஞ்சப் பெற்றோல் ஒளிச்சு வைச்சிருப்பன். கார்பிறேற்றருக்குள்ளை நாலு துளி விடுவன். உதைப்பன். பத்தினதும் மண்ணெண்ணெயைத் திறந்து விடுவன். பின்னாலை எழும்புற புகைக்குள்ளை ஒழுங்கையும் றோட்டும் தெரியாது. அந்தப் புகையோடைதான் தொண்ணூற்றிரண்டிலை குணலட்சுமியைப் பிள்ளை நோவோடை பெரியாஸ்பத்திரிக்கு ஏத்திக்கொண்டு போனனான். ஒரு கையாலை என்னைப் பிடிச்சுக்கொண்டு, மற்றக் கையாலை வயித்தைப் பிடிச்சுக்கொண்டு, முருகனை ஒருக்காக் கூப்பிட்டு என்னை ரெண்டு தரம் ஏசி, அப்பிடியே முறைவைச்சுக்கொண்டு வந்தா. பிள்ளையைத் தூக்கின நேர்ஸ், "என்ன ஐயா, குழந்தையிலை மண்ணெண்ணெய் மணக்குது?" எண்டு கேட்டவ. அந்தக் குழந்தைதான் தர்சினி. இப்ப கனடாவிலை பெரிய காரிலை வேலைக்குப் போறா.

அப்பிடிப்பட்ட வாகனத்தை வில்லுங்கோ எண்டு ஒரு மனுசி சொல்லலாமோ? சொன்னா. காலமைத் தேத்தண்ணியோடை சொன்னா.

"இஞ்சாருங்கோ, மரியரட்ணத்தாரின்ரை மோட்டச்சைக்கிளைக் கள்ளன் கொண்டு போட்டானாம்."

"எங்கை வைச்சு?"

"பாங்குக்கு முன்னாலை. பட்டப் பகல்."

"அது புதுசு. அதுதான் கொண்டு போனவன்."

"அதுதான் இல்லை. இப்ப கள்ளருக்கும் பழசிலைதானாம் விருப்பம். பழைய யப்பான் சைக்கிளுக்கு என்ன விலை எண்டு உங்களுக்குத் தெரியுமே? வல்வெட்டித்துறைச் சுதாகரன் நேற்றும் போன் பண்ணினவன்."

எனக்குத் தேத்தண்ணி புரைக்கேறிச்சு. உந்தச் சுதாகரன் எண்டவன் பழைய மோட்டச்சைக்கிள் சேர்க்கிற பைத்தியம் பிடிச்ச பெடியன். போன சித்திரையிலை ஒரு கலியாண வீட்டிலை என்ரை சைக்கிளைக் கண்டவன். அண்டு தொடக்கம் மாசத்துக்கு ஒருக்காப் போன் எடுப்பான். எனக்கில்லை, என்ரை மனுசிக்கு. ஆரைக் கேட்டால் அலுவல் நடக்கும் எண்டு அவனுக்கும் விளங்கியிருக்கு.

"களவு போய் ஒண்டுமில்லாமல் நிக்கிறதிலும் பார்க்க, வைச்சுப் பாக்கக் கூடியவனுக்குக் குடுத்தால் நிம்மதி" எண்டா.

"களவு போகாமல் நான் பாக்கிறன்" எண்டு எழும்பினன். "ட்ராக்கர் பூட்டுறன்!"

பக்கத்து வீட்டு மகாதேவி அக்கா வேலிக்கு அங்காலை நிண்டவ. அவவுக்கும் கேக்கத்தான் சத்தமாச் சொன்னனான். ட்ராக்கர் எண்டால் என்ன எண்டு எனக்கு வடிவாத் தெரியாது. சைக்கிள் எங்கை நிண்டாலும் போனிலை காட்டும் எண்டும், அதைப் பூட்டினால் இன்சூரன்ஸ் காசு குறையும் எண்டும் வாசிகசாலையிலை ஆரோ கதைச்சவை. அது காணும். நேரை இன்சூரன்ஸ் கந்தோருக்குப் போனன்.

கண்ணாடிக்கு அங்காலை ஒரு சின்னப் பிள்ளை இருந்தது.

"பிள்ளை, மோட்டச்சைக்கிளுக்கு ட்ராக்கர் பூட்டினால் காசு குறைப்பியளோ?"

"எந்த வருசத்துச் சைக்கிள் ஐயா?"

"எண்பத்தாறு."

"நான் அப்ப பிறக்கேல்லை."

"அது உம்மடை பிழையில்லைப் பிள்ளை."

என்ரை காப்புறுதிக் கடதாசியை வாங்கிப் பாத்துது. "உங்களிட்டை இருக்கிறது மூன்றாம் தரப்புக் காப்புறுதி ஐயா. நீங்கள் ஆரையும் இடிச்சால் அவைக்குக் குடுப்பம். உங்கடை சைக்கிள் களவு போனால் ஒண்டும் வராது."

"ட்ராக்கர் பூட்டினால்?"

"பூட்டினாலும் வராது. பூட்டாட்டிலும் வராது."

"முழுக் காப்புறுதி எடுத்தால்?"

"இவ்வளவு பழசுக்கு நாங்கள் குடுக்கிறேல்லை. களவு போனால் பொலிசிலை முறைப்பாடு குடுக்கலாம். அவை கண்டுபிடிச்சால் எடுக்கலாம்."

"கண்டுபிடிக்காட்டி?"

"கவலைப்படலாம் ஐயா" எண்டுது. நல்ல பண்பான பிள்ளை.

வீட்டை வந்தன். குணலட்சுமி விறாந்தையிலை நிண்டா. "என்னவாம்?"

"பூட்டச் சொல்லி ஒரே ஆக்கினை. பாதிக்குப் பாதி குறைப்பினமாம்."

என்ரை முகத்தை ஒரு நிமிசம் பாத்தா. "சரி, பூட்டுங்கோ" எண்டா.

என்ரை மனுசி ஒரு சொல்லிலை சம்மதிக்கிறது எங்கடை கோயில் தேர் மாதிரி, வருசத்துக்கு ஒருக்காத்தான். அப்பவே நான் யோசிச்சிருக்கோணும். யோசிக்கேல்லை. கோண்டாவிலிலை ஜெனிஸ்ரன் எண்ட பெடியன் ட்ராக்கர் பூட்டுற கடை வைச்சிருக்கிறான். அங்கை கொண்டுபோய் விட்டன்.

ஜெனிஸ்ரன் சைக்கிளைச் சுத்திச் சுத்தி வந்தான். ஹோர்ன் அடிச்சுப் பாத்தான். ஹோர்ன் அடிக்க லைற் மங்கிச்சு.

"ஐயா, இது ஆறு வோல்ற். பூட்டுற பெட்டிக்குப் பன்னிரண்டு வேணும். உங்கடை பற்றறியை நம்பிப் பூட்டினால், கள்ளன் கொண்டு போறதுக்கு முதல் பெட்டி செத்துப்போம்."

"அப்ப வழியில்லையோ?"

"காந்தப் பெட்டி இருக்கு." நெருப்புப் பெட்டி அளவிலை ஒரு கறுத்தச் சாமானை எடுத்துச் சீற்றுக்குக் கீழை வைச்சான். டக் எண்டு ஒட்டிச்சு. "மூண்டு நாளைக்கு ஒருக்காக் கழட்டிச் சார்ச் போடோணும். போனைத் தாங்கோ, படம் காட்டுறதை அதிலை ஏத்துவம்."

என்ரை போனைக் குடுத்தன். பொத்தான் அமத்துற பழைய போன். மரியாதையோடை திருப்பிப் பாத்தான்.

"ரோச் நல்லா எரியும்" எண்டன்.

"அம்மாவிட்டைப் பெரிய போன் இருக்கோ ஐயா?"

இருந்தது. தர்சினி அனுப்பினது. அடுத்த நாள் ஜெனிஸ்ரன் வீட்டை வந்து அவவின்ரை போனிலை ஏத்திக் குடுத்தான். என்ரை சைக்கிளின்ரை மூக்கணாங் கயிறு அவவின்ரை கைக்குப் போன நாள் அதுதான். நானே காசும் குடுத்து, தேத்தண்ணியும் குடுத்து அனுப்பினன்.

குணலட்சுமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தைப் பாத்தா. சிவப்புப் புள்ளி ஒண்டு எங்கடை வீட்டுக்கு மேலை நிண்டுது.

"ஓடின தூரமும் காட்டுது. அப்ப இஞ்சை பாருங்கோ. இந்தச் சைக்கிள் இந்த வீட்டுக்குத் தேவையோ இல்லையோ எண்டதை உந்தப் பெட்டியே சொல்லட்டும். முப்பது நாளிலை இருநூறு கிலோமீற்றர் ஓடாட்டி, குடுக்கிறது."

"ஓடினால்?"

"ஓடினால் பாப்பம்."

பாப்பம் எண்டால் சம்மதம் எண்டுதான் நான் எடுத்தன். முப்பத்தாறு வருசம் குடும்பம் நடத்தினவன் செய்யிற பிழையே அது! இருநூறு எனக்கு ஒரு தூரமோ? ஒரு காலத்திலை ஒரே நாளிலை பருத்தித்துறைக்கும் காரைநகருக்கும் போய் வந்த ஆள் நான்.

அந்தக் காலத்திலை எனக்கு முழங்கால் இருந்தது. இடுப்பு, நாரி எல்லாம் இருந்தது. இப்ப சுன்னாகம் தாண்ட முதல் நாரி பிடிக்குது. முதல் கிழமை சந்திக்குப் போனன், சந்தைக்குப் போனன், வந்தன். இடைக்கிடை போன் வரும்.

"எங்கை நிக்கிறியள்?"

"கோயில் வீதியிலை."

"பெட்டி வடைக் கடை எண்டு காட்டுது."

"வடைக் கடை கோயில் வீதியிலைதானே இருக்கு!"

ஏழாம் நாள் கணக்கு வாசிச்சா. "பதினேழு கிலோமீற்றர். அதிலை ஆறு வடைக் கடை."

சைக்கிள் போகப் போகுது எண்டு அண்டைக்குத்தான் உண்மையாப் பயந்தன். பின்னேரம் கொட்டிலுக்குள்ளை போய் அதின்ரை தாங்கியைத் துடைச்சுக்கொண்டு நிண்டன். ஒரு ஆமிக் கெடுபிடிக்கு அதைக் கழட்டி மூண்டு கிடங்கிலை தாட்டு வைச்சு, பிறகு கிண்டி எடுத்துப் பூட்டினனான். ரெண்டு ஆணி மிஞ்சினது. இப்பவும் மிஞ்சித்தான் கிடக்கு, சைக்கிள் ஓடுது. அதைப் போய் ஒரு பெடியன் ஏறி ஓட நான் பாத்துக்கொண்டு நிக்கிறதோ?

அடுத்த நாள் காலமை வாசிகசாலையடியிலை ஐசாக் அண்ணையைக் கண்டன். மாதகலிலையிருந்து மோட்டச்சைக்கிளிலை மீன் கொண்டு வாற ஆள். எங்கடை பக்கத்து ஒழுங்கையள் எல்லாம் சுத்தி வித்துப்போட்டுப் பதினொரு மணிக்குத் திரும்பிப் போவார். அவரின்ரை மீன் பெட்டி தகரப் பெட்டி. காந்தம் ஒட்டும். எனக்கு மண்டைக்குள்ளை லைற் எரிஞ்சுது, அதுவும் பன்னிரண்டு வோல்ற்.

"ஐசாக் அண்ணை, உங்கடை பெட்டிக்குக் கீழை இதை ஒட்டிவிடவோ?"

ரெண்டடி பின்னுக்குப் போனார். "என்ன மனேச்சர் இது? வெடிக்குமோ?"

"மெல்லக் கதையுங்கோ. ட்ராக்கர்."

"மீனுக்கோ?"

"கிலோமீற்றருக்கு." விசயத்தைச் சொன்னன்.

"உங்கடை மனுசிக்குத் தெரியுமோ?"

"தெரிஞ்சால் நான் ஏன் உங்களிட்டை வாறன்?"

தாடையைச் சொறிஞ்சார். "அம்மாவிட்டை நான் பொய் சொல்ல மாட்டன். முப்பது வருச வாடிக்கை. அவ கேக்காட்டி நானாச் சொல்லவும் மாட்டன்."

"அது காணும்!"

அண்டு தொடக்கம் ராச வாழ்க்கை. எட்டு மணிக்குச் சைக்கிளிலை வெளிக்கிடுவன். வாசிகசாலைக்குப் பின்னாலை மாமரத்துக்குக் கீழை அதை மறைச்சு விடுவன். பெட்டி ஐசாக் அண்ணையோடை போகும். நான் காத்தாடிக்குக் கீழை இருந்து பேப்பர் வாசிப்பன். மரண அறிவித்தலிலையிருந்து மணமகள் தேவை வரைக்கும் ஒண்டும் விடமாட்டன். பதினொரு மணிக்குப் பெட்டி வரும். கொஞ்ச மீன் வாசத்தோடை சீற்றுக்குக் கீழை ஒட்டிக்கொண்டு வீட்டை போவன். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு கிலோமீற்றர், நோகாமல். ஐசாக் அண்ணை வராத வெள்ளிக்கிழமையிலை மட்டும் கோயிலுக்குப் போட்டு வந்து படுத்திடுவன்.

"இப்ப நல்லா ஓடுறியள் போலை" எண்டு குணலட்சுமி சொல்லுவா.

"மனுசன் நினைச்சால் எதுவும் ஏலும்" எண்டு நான் சொல்லுவன்.

பன்னிரண்டு நாள் அப்பிடிப் போச்சு. ரெண்டாம் வெள்ளிக்கிழமை. கோயிலாலை வந்து திருநீறு அழியாமல் விறாந்தைக் கதிரையிலை சரிஞ்சு கிடந்தன். குணலட்சுமி மரக்கறி வெட்டிக்கொண்டு போனைப் பாத்தா.

"இண்டைக்கு ரெண்டே கிலோமீற்றர்."

"கோயிலுக்கு மட்டும்தானே போனன்."

"மற்ற நாளையிலை தாவடி, கோண்டாவில் எண்டு ஒழுங்கை ஒழுங்கையாச் சுத்துறியள். இண்டைக்கு ஏன் அந்தப் பக்கம் போகேல்லை?"

"உமக்கென்ன விசரே? வெள்ளிக்கிழமை ஆரப்பா மீன் வாங்கிறது?"

சொல்லி முடிச்சாப் பிறகுதான் என்ரை காதிலை விழுந்துது. பூசணிக்காயிலை இறங்கின கத்தி நடுவிலை நிண்டுது.

"ஓ" எண்டா குணலட்சுமி. "மீன்."

"நான் சொல்ல வந்தது என்னெண்டால்..."

"கஷ்டப்படாதேங்கோ. முதல் நாளே எனக்குத் தெரியும். எட்டே காலுக்கு உங்கடை சைக்கிள் எங்கடை வாசல் படலைக்கு முன்னாலை நிக்குது எண்டு போன் காட்டினது. என்னத்தையோ மறந்துபோட்டுத் திரும்பி வந்திட்டார் எண்டு நினைச்சு வெளியாலை வந்தன். ஐசாக் அண்ணை பாரை மீன் வெட்டிக்கொண்டு நிக்கிறார்."

"கேட்டனீரோ?"

"கேட்டன். சொன்னார்."

"பன்னிரண்டு நாளாப் பேசாமல் இருந்தனீரே!"

"வசதியாக் கிடந்தது. மீன் எந்த ஒழுங்கையிலை நிக்குது எண்டு தெரிஞ்சால் காலமையிலை வேறை அலுவலும் பாக்கலாம். மகாதேவி அக்காவும் என்னைக் கேட்டுத்தான் இப்ப சட்டி எடுக்கிறவ."

ஒழுங்கை முழுக்க என்ரை கள்ளத்தை வைச்சுச் சமைச்சிருக்கு! நான் கூனிக் குறுகிப் போனன். "அப்ப சுதாகரனுக்குப் போன் எடுக்கப் போறீரோ?"

"ஏன்? இன்னும் பதினொரு நாள் கிடக்கு. மீன் ஓடின தூரத்தை வெட்டியாச்சு. நீங்கள் ஓடினது முப்பத்தைஞ்சு. மிச்சம் நூற்றி அறுபத்தைஞ்சை ஓடுங்கோ. ஆனா இனிப் பெட்டி சீற்றுக்குக் கீழை, நான் சீற்றுக்கு மேலை."

அடுத்த நாள் காலமை ஹெல்மெற்றோடை வந்து நிண்டா. பின்னாலை ஏறி அஞ்சாறு வருசம் இருக்கும். தர்சினி காசு அனுப்பத் தொடங்கினாப் பிறகு அவவுக்கு எப்பவும் ஓட்டோதான். பதினஞ்சாவது உதையிலை சைக்கிள் பத்திச்சு. நான் வேர்த்து விறுவிறுத்துப் போனன். "மெல்ல, மெல்ல" எண்டு முதுகிலை தட்டினா.

உண்மையைச் சொல்லிப்போடோணும். அந்தப் பதினொரு நாளும் நான் சந்தோசமா இருந்தன்.

நல்லூருக்குப் போனம். கலியாணம் முடிச்ச கிழமை சைக்கிளை விட்டுக் கச்சான் கடலை வாங்கின இடத்திலை இப்ப ரியூசன் கொட்டில். "அந்தக் கச்சான்காரி மிச்சக் காசு தரேல்லை" எண்டா. இன்னும் மறக்கேல்லை. கீரிமலைக்குப் போனம். ஆமி பிடிச்சு வைச்சு அந்தப் பக்கம் ஆரும் போகேலாமல் கிடந்த வருசங்களைக் கதைச்சுக்கொண்டு, கடலைப் பாத்துக்கொண்டு, சோடா ஒண்டை ரெண்டு பேரும் குடிச்சம். பெரியாஸ்பத்திரி வாசலிலை நிப்பாட்டச் சொன்னா. "இந்த மதிலடியிலைதான் நான் உங்களைக் கடைசியா ஏசினது" எண்டா. "கடைசியாவோ?" எண்டன். சிரிச்சா.

சாவகச்சேரிக்குப் போற வழியிலை நாவற்குழிப் பாலம் வந்துது. தொண்ணூற்றைஞ்சு இடப்பெயர்வுக்கு அந்தப் பாலத்தாலை சைக்கிளை ஓட்டேல்லை, உருட்டினனாங்கள். சனக் கூட்டம். மழை. சீற்றிலை மூண்டு வயசுத் தர்சினி. பின்னாலை உடுப்பு மூட்டை. மூட்டைக்கு மேலை தேங்காய் திருவுற திருவலை.

"ஊரே விட்டுட்டுப் போகுது, உமக்குத் திருவலை கேட்டுது" எண்டன்.

"போற இடத்திலை தேங்காய் இருந்தால் என்ன செய்யிறது?" எண்டு அண்டைக்குச் சொன்னதையே இண்டைக்கும் சொன்னா. "இருந்ததுதானே! கைதடியிலை அந்த மனுசி தேங்காய் தந்தவ, எங்கடை திருவலையாலை பத்துக் குடும்பம் சமைச்சது."

பாலத்திலை நிப்பாட்டினன். முழங்காலுக்கு ஓய்வு குடுக்கத்தான் நிப்பாட்டினது. அவ இறங்கி வந்து தாங்கியிலை கை வைச்சா. பிறகு அவ, "இந்தச் சைக்கிள் இல்லாட்டி நாங்கள் இல்லை, என்ன?" எண்டா. எனக்குக் கண் கலங்கிச்சு. வெண்டிட்டன் எண்டு நினைச்சன். இப்பிடிச் சொல்லுற மனுசி விக்க விடுவாவோ?

முப்பதாம் நாள் இருபது கிலோமீற்றர் மிச்சம். "வல்வெட்டித்துறைப் பக்கம் போவம், எனக்கும் அங்கை ஒரு அலுவல் கிடக்கு" எண்டா. கடல் காத்து முகத்திலை அடிச்ச நேரம் பின்னாலையிருந்து, "இருநூறு!" எண்டு கத்தினா. நான் ஹோர்னை அமத்தினன். றோட்டிலை நிண்ட மாடு ஒண்டு எனக்கு வழி விட்டுது. அவ்வளவு மரியாதை எனக்கு ஒரு நாளும் கிடைச்சதில்லை.

"இதாலை திருப்புங்கோ. அந்தப் பச்சைப் படலை."

திருப்பினன். படலையைத் திறந்துகொண்டு சுதாகரன் வந்தான்.

"வாங்கோ அங்கிள், வாங்கோ அன்ரி."

அவனுக்குப் பின்னாலை பெரிய கொட்டில். உள்ளுக்கை ஏழெட்டுப் பழைய சைக்கிள், ஒவ்வொண்டுக்கும் சீலையாலை மூடு போட்டு, தூசி இல்லாமல் நிண்டுது. நான் நெஞ்சை நிமித்தினன்.

"தம்பி, நீர் ஆசைப்படக் கூடாது. சைக்கிள் இருநூறு ஓடிட்டுது. இனி அது விக்கிற சாமான் இல்லை."

"தெரியும் அங்கிள், நானும் பாத்துக்கொண்டுதானே இருக்கிறன்." தன்ரை போனைக் காட்டினான். எங்கடை சிவப்புப் புள்ளி அவன்ரை வீட்டுக்கு மேலை நிண்டுது. "அன்ரி முதல் நாளே எனக்கும் ஏத்திவிட்டவ. இருநூறு கிலோமீற்றர் ஓடிக் காட்டினால்தான் எடுப்பன் எண்டு நான் சொன்னனான். இடையிலை கொஞ்ச நாள் மட்டும் விளங்கேல்லை, மூண்டு நிமிசத்துக்கு ஒருக்கா நிண்டு நிண்டு ஓடிச்சு. எஞ்சின் பிழையோ எண்டு பயந்து போனன்."

நான் குணலட்சுமியைப் பாத்தன். "ஓடாட்டிக் குடுக்கிறது எண்டுதானே சொன்னனீர்?"

"ஓடாட்டிப் பழைய இரும்புக்காரனுக்கு. ஓடினால் இந்தப் பிள்ளைக்கு."

"அப்ப என்ரை பேச்சுக்கு இடமே இல்லையோ!" கத்திப்போட்டன். "பாலத்திலை நிண்டு என்ன சொன்னனீர்? எல்லாம் நடிப்போ?"

"நடிப்பில்லை." அவவின்ரை குரல் மாறிச்சு. "போன கார்த்திகை மழைக்கை மருதனார்மடத்துச் சந்தியிலை சைக்கிளோடை விழுந்தனீங்கள். காயத்தைக் காட்டி, தேசி மரத்து முள்ளுக் கீறிப்போட்டுது எண்டு என்னட்டைச் சொன்னனீங்கள். மகாதேவி அக்கா பஸ்ஸுக்குள்ளை இருந்து கண்டவ. லொறி ஒரு முழம் தள்ளித்தான் நிண்டதாம். அண்டு தொடக்கம் நீங்கள் வெளிக்கிட்டால் வரும்வரைக்கும் எனக்குப் பச்சைத் தண்ணி இறங்காது. எனக்குச் சைக்கிளும் வேணும்தான். ஆனா நீங்கள் வேணும் அதைவிட."

முப்பத்தாறு வருசத்திலை அவ இப்பிடி ஒருநாளும் சொன்னதில்லை. கொட்டிலைப் பாத்தன். அந்தச் சீலை மூடுகளைப் பாத்தன். என்ரை கொட்டில் ஒழுகும். பூட்டிலையிருந்து திறப்பைக் கழட்டினன். ஒருக்காத் தாங்கியைத் தடவினன். பொம்பிளைப் பிள்ளையைக் கட்டிக் குடுக்கேக்கையும் நான் இப்பிடி அழேல்லை.

"பத்தாட்டிப் பதினாலு தரம் உதையும் தம்பி. பதினஞ்சாவதுக்குக் கட்டாயம் பத்தும். ரெண்டு ஆணி வீட்டிலை கிடக்கு, பிறகு தாறன்."

"நான் வடிவாப் பாப்பன் அங்கிள். எப்பவும் வந்து ஓடுங்கோ, எங்கடை வளவுக்குள்ளை." சொல்லிக்கொண்டு பின்பக்கம் போய், நீல நிற ஸ்கூட்டி ஒண்டை உருட்டிக்கொண்டு வந்தான். "அன்ரி, நீங்கள் சைக்கிளுக்கு மாத்தாக் கேட்டது. பெற்றோலும் அடிச்சு வைச்சிருக்கிறன்."

நான் கண்ணைத் துடைச்சன். மனுசி எண்டால் இதுதான் மனுசி! எனக்கு நாரி நோகாமல், உதைக்கத் தேவையில்லாமல், மெல்லமாப் போறதுக்கு ஒண்டு ஒழுங்கு பண்ணி வைச்சிருக்கிறா. திறப்புக்குக் கையை நீட்டினன்.

திறப்பு என்ரை கையைத் தாண்டிப் போச்சு. குணலட்சுமி கைப்பையைத் திறந்து ஒரு சின்ன மட்டையை எடுத்துக் காட்டினா. லைசென்ஸ். அவவின்ரை படம். சிரிச்சுக்கொண்டிருந்தா.

"இது எப்ப?"

"மூண்டு மாசமாப் பழகினனான். கடைசிச் சோதனை நீங்கள் வாசிகசாலையிலை மணமகள் தேவை வாசிச்சுக்கொண்டிருந்த கிழமை. பதினொரு மணிக்கு முதல் வரமாட்டியள் எண்டு மீன் பெட்டி சொல்லிப்போடும். எனக்கு ஒரு கரைச்சலும் இருக்கேல்லை."

சீற்றிலை ஏறி இருந்தா. சீலையை ஒதுக்கினா. ஒரு விரலாலை அமத்த ஸ்கூட்டி பத்திச்சு. ஒரு விரல்! என்ரை ஹெல்மெற் இப்ப அவவின்ரை தலையிலை; சுதாகரன் என்ரை கையிலை அவவின்ரை பழைய ஹெல்மெற்றைத் தந்தான், பூப் போட்டது. அதைப் போட்டுக்கொண்டு பின்னாலை ஏறினன். படலையைத் தாண்டி கடற்கரை றோட்டிலை ஏறினதும் ஸ்கூட்டி ஒருக்கா உலாஞ்சிச்சு. பயத்திலை அவவின்ரை இடுப்பைப் பிடிச்சன்.

"என்னைப் பிடியாதேங்கோ, பின்கம்பியைப் பிடியுங்கோ" எண்டா. "சனம் பாக்குது."